வளையலும் கழித்தல்காரியும்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குக் கழித்தல்காரி என்று பெயர். வைத்தவர்கள் பாசத்தில் வைக்கவில்லை. வானத்தைப் பார்த்துப் பிழைக்கிறவர்கள் எல்லோரும் பட்டியலில் ஒன்றைக் கூட்டத்தான் அலைவார்கள். கூட்டியவருக்குக் கேக் வெட்டுவார்கள், பேப்பரில் படம் வரும். இவளோ இருபது வருஷத்துக்கு மேலாகப் பட்டியலில் இருக்கக் கூடாதவற்றைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். கேக் வெட்டும் நேரம் பார்த்து வந்து இது கேக்கே இல்லை என்கிறவளை யாருக்குத்தான் பிடிக்கும்?

சொந்தக்காரர்கள் அவளிடம் நாளைக்கு மழை வருமா என்று கேட்பார்கள். ராத்திரி பூராவும் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று அவர்களுக்கு நினைப்பு. உண்மையில் அது, சரியாகச் சாத்தாத ஜன்னலுள்ள ஓர் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எங்கெங்கோ மலையுச்சிகளில் சேகரித்த ஒளியை அலசிவிட்டுச் சாயங்காலம் பஸ் பிடிக்கிற வேலை.

அவள் ஆராய்ந்தது வயதான நட்சத்திரங்களை. நம் சூரியனைப் போன்ற நட்சத்திரம் கடைசிக் காலத்தில் ஊதிப் பெருத்து, மேல்தோலை வெளியே தள்ளிவிடும். நடுவில் மிஞ்சுகிற சூடான கரு, தான் கழற்றிப் போட்ட வாயுவைத் தானே ஒளிர வைக்கும். அதற்குக் கோள் நெபுலா என்று பெயர். கோளுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அந்தக் காலத்துச் சின்னத் தொலைநோக்கியில் கோள் மாதிரி உருண்டையாகத் தெரிந்ததாம், வைத்துவிட்டார்கள். ஆனால் உருண்டையாகத் தெரிவதெல்லாம் அதுவாகிவிடாது. சில இடங்களில் வாயு தன்பாட்டுக்கு மிதந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கமாகப் போகிற ஏதோ ஒரு நட்சத்திரம் அதில் வெளிச்சத்தை அடித்துவிட்டுப் போகும். பார்த்தவர்கள் இரண்டையும் தாயும் பிள்ளையும் என்று எழுதிவைத்துவிடுவார்கள். ஒளியைப் பிரித்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். நட்சத்திரமும் வாயுவும் ஒரே வேகத்தில் போனால் உறவு. இல்லாவிட்டால் ரோட்டில் எதிரெதிரே வந்தவர்கள், அவ்வளவுதான்.

அவளும் ஒன்றே ஒன்றைக் கூட்டியிருந்தாள். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது கண்டுபிடித்த மங்கலான சின்ன நெபுலா. அவள் பெயரின் முதலெழுத்தோடு உலகப் பட்டியலில் ஏறிவிட்டது. அதன் படம் வீட்டில் டிவிக்கு மேலே பிரேமுக்குள் தொங்கியது. மாட்டியது அவள் மாமியார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூட விடமாட்டார். எங்க மருமக பேர்ல வானத்துல ஒண்ணு இருக்கு என்று சொல்லிக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

நிலையத்துக்கும் ஒரு நெபுலா இருந்தது. முதல் இயக்குநர் கண்டுபிடித்தது. ஒரு பக்கம் உடைந்த வளையம் மாதிரி இருப்பதால் வளையல் என்பார்கள். வாசல் கேட்டில் வளையல், டீ கோப்பையில் வளையல், டிரைவர் சட்டைப் பையில் வளையல். ஒருநாள் அவள் அதன் வேகத்தை அளந்தாள். நட்சத்திரம் ஒரு பக்கம் போகிறது, வாயு இன்னொரு பக்கம் போகிறது. மூன்று தடவை அளந்தும் அதேதான். வளையல், கோள் நெபுலாவே இல்லை.

கட்டுரை எழுதி இயக்குநரிடம் கொண்டுபோனாள். அவர் கையெழுத்தில்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது விதி. அவர் படித்தார். கணக்கில் தப்பென்று சொல்லவில்லை. சொல்ல முடியாது, அவருக்கும் கணக்குத் தெரியும். நிலையத்தின் பொன்விழா வருகிறதே என்றார்.

“ஒரு வருஷம் பொறுத்துக்கங்க மேடம். அது எங்கயும் ஓடிப் போயிடாது.”

மரியாதைக்குப் பொறுத்துக்கொண்டாள். பொன்விழாவில் இயக்குநர் வளையலின் பெருமையைப் பேசிக்கொண்டே போனார். அத்தனையும் பொய் என்று தெரிந்தே பேசினார். கழித்தல்காரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

விழா முடிந்த மறுமாதம் வேறொரு நாட்டுக் குழு அதே வளையலை அளந்து, அதே முடிவை வெளியிட்டது. கட்டுரைக்கு இனி அவசியமில்லை, புதுசாக எதுவும் இல்லையே என்று இயக்குநர் திருப்பிக் கொடுத்தார். அதோடு நின்றாரா? இந்த முடிவை வரவேற்கிறோம், எங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது என்று பத்திரிகைக்குப் பேட்டி வேறு கொடுத்தார். எங்களுக்காம்! கல்லைத் தூக்கித் தலையில் போட்டுவிட்டு, கல் நம்முடையதுதான் என்று பெருமைப்படுகிறவரை என்ன சொல்வது? அன்று அவள் மதியம் சாப்பிடவில்லை. கோப்பையை வளையல் சுவர்ப்பக்கம் இருக்குமாறு திருப்பி வைத்தாள்.

பேராசிரியர் பதவிக்கான நேர்முகத் தேர்வு அப்போதுதான் வந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை கைவிட்டுப் போயிருந்தது. வயது வரம்புப்படி இதுதான் கடைசித் தடவை. விண்ணப்பத்தில் சொந்தக் கண்டுபிடிப்பு என்று கேட்டிருந்த இடத்தில், மாமியார் பிரேம் போட்ட நெபுலாவை எழுதிக் கொடுத்திருந்தாள். அதன் நட்சத்திரம் மிகவும் மங்கல். வேகத்தை அளக்க இதுநாள்வரை யாராலும் முடிந்ததில்லை. அந்த மாதம் ஒரு பெரிய தொலைநோக்கியின் பதிவுகளை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதில் அதுவும் இருந்தது.

அவள் பார்த்தாள். நட்சத்திரம் ஒரு பக்கம், வாயு இன்னொரு பக்கம்.

வீட்டில் சொன்னபோது கணவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். மருந்துக் கடை நடத்துகிறவன். நெபுலா தெரியாவிட்டாலும் நேரம் காலம் தெரியும்.

“உன் கண்ணை நீயே குத்திக்கப் போறியா? தேர்வு முடியட்டும், அப்புறம் அனுப்பு. ரெண்டு வாரம்தானே?”

“அவரும் இதைத்தான் சொன்னாரு. அவருக்கு ஒரு வருஷம், உங்களுக்கு ரெண்டு வாரம்.”

அவன் மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டான். மாமியார் மட்டும் எழுந்துபோய் பிரேமைத் துடைத்துவிட்டு வந்தார்.

இரண்டு பக்கக் கட்டுரை. இயக்குநரின் மேஜைக்குக் காலையில் போனது, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கையெழுத்தாகித் திரும்பி வந்தது. அவளுடைய நெபுலா எந்தக் கேட்டிலும் இல்லையே!

நேர்முகத் தேர்வில் ஐந்து பேர். ஓரத்தில் இயக்குநர். தலைவர் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே, சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று போட்டிருக்கிறீர்களே, அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

“அது இப்ப பட்டியல்ல இல்ல சார். போன வாரம் எடுத்தாச்சு.”

“யார் எடுத்தது?”

“நான்தான்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் நிறுத்தவில்லை. அடக்கிவைத்தது ஒரு வருஷத்துக் கோபம்.

“இது தப்புன்னு நான் சொன்னதும் அரை நாள்ல கையெழுத்துக் கிடைச்சுது. வளையல் தப்புன்னு சொன்னேன், ஒரு வருஷம் கிடைக்கலை. ரெண்டுக்கும் கணக்கு ஒண்ணுதான் சார். ஏன்னு அவரையே கேளுங்க.”

யாரும் கேட்கவில்லை. இயக்குநர் தண்ணீர் குடித்தார். கேள்விகள் வேறு பக்கம் போய்விட்டன. வெளியே வரும்போது கதவை அறைந்து சாத்தினாள். ஐந்து படித்தவர்களில் ஒருவருக்குக்கூட வாய் வரவில்லையே என்ற ஆத்திரம்.

முடிவு வீட்டுக்குத் தபாலில் வந்தது. சொந்தமாகக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லாததால் பதவி உயர்வுக்குப் பரிசீலிக்க இயலவில்லை என்று எழுதியிருந்தது. அவள் உரக்கப் படித்துக் காட்டினாள். கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மாமியார் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு காகிதத்தைக் கையில் வாங்கினார். எழுத்தை அவர் படிக்கவில்லை. காகிதத்தின் தலைப்பில் நீல மையில் அச்சடித்திருந்த உடைந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“இது அந்த வளையல்தானே? இதை இன்னும் எடுக்கலையா?”