வழிவிட்டே பழகியவன்

எதிரே ஆள் வருவதைப் பார்த்ததும் கருணாகரன் வலது பக்கம் ஒதுங்குவான். ரங்கநாதன் தெருவில் அப்படி ஒதுங்கினால் என்ன ஆகும்? ஊரே தன் இடது பக்கம் ஒதுங்கும், இவன் வலது பக்கம் ஒதுங்குவான், இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு இடிக்காத குறையாக நிற்பார்கள். அந்த முனையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் பொன்னுரங்கத்துக்கு இவனைக் கண்டாலே எரிச்சல். "இன்னா நைனா, ஊரே லெஃப்ட்ல போய்க்கினு கீது, நீ இன்னாத்துக்குக் குறுக்கால பூர்றே? கண்ணு கீதா இல்லியா?" என்பான். கருணாகரன் தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடியும் வலது பக்கமே ஒதுங்குவான்.

கடலில் நேருக்கு நேர் வரும் இரண்டு கப்பல்களும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது சட்டம். சரக்குக் கப்பலில் அதிகாரி ஆவதற்கான பரீட்சைக்குப் படிக்கிற கருணாகரன், தெருவில் நடக்கும்போதும் அந்தச் சட்டப்படியே நடந்து பார்க்கிறான். செகண்ட் மேட் டிக்கெட் என்று கப்பல்காரர்கள் அதைச் சொல்வார்கள். "ஒரு டிக்கெட்டு வாங்க இத்தன வருசமாலே?" என்று அவனுடைய அண்ணன் சிதம்பரநாதன் கேட்பதுண்டு. கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். போன வருஷத்திலிருந்து அந்தச் சிரிப்பும் குறைந்துவிட்டது.

சிதம்பரநாதனுக்கு அந்தத் தெருவில் பாத்திரக்கடை. மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றால் கடையில் தொங்கும் கரண்டிகள் எல்லாம் லேசாக ஆடும். பரீட்சைக்காகக் கரையில் இருக்கிற மாதங்களில் கருணாகரனும் கடைக்கு வருவான். வந்தால் சும்மா இருக்க மாட்டான். சாமான்களைக் கட்டும் சணல் கயிற்றைக் கடிகாரம் சுற்றுகிற திசையில் வளையம் வளையமாகச் சுருட்டி வைப்பான். "பித்தளை அண்டா எங்க இருக்கு?" என்று கேட்கிறவர்களிடம், "வடமேற்கு மூலையில" என்பான். கேட்டவர்கள் சூரியனைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போவார்கள். அவன் போடுகிற முடிச்சு மட்டும் கடையில் வேறு யாருக்கும் வராது. இழுக்க இழுக்க இறுகாது, தானாக அவிழவும் அவிழாது. "எந்தம்பி கட்டுனது. டெல்லிக்கே கொண்டு போனாலும் அப்படியே கெடக்கும்," என்று கல்யாணச் சாமான் வாங்க வருகிறவர்களிடம் சிதம்பரநாதன் பெருமையடித்துக்கொள்வார். தம்பி காதில் விழும்படி அதைச் சொல்லமாட்டார்.

இருபத்தேழு வயது, உருண்டு திரண்ட தோள், வெயிலில் கருத்த கழுத்து. ஆளைப் பார்த்தால் முரடன் என்றுதான் தோன்றும். ஆனால் அவனளவு பணிவான பிள்ளையை அந்தத் தெருவில் பார்க்க முடியாது. அண்ணன் இருமினால் எழுந்து நிற்பான். யாராவது வாயைத் திறந்தால் இவன் வாய் மூடிக்கொள்ளும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால், யாருக்குக் கொடுக்கலாம் என்று சுற்றிப் பார்ப்பான். அப்பா செத்தபோது அவனுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மெட்ராசுக்கு வந்த சிதம்பரநாதன், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற வியாபாரத்தைத் தலைச்சுமையாகச் செய்து, தம்பியைத் தூத்துக்குடியில் படிக்க வைத்தார். கப்பலுக்குப் போகிறேன் என்று அவன் சொன்னபோதும், ஒரு வார்த்தை மறுக்காமல் பம்பாய்க்கு ரயிலேற்றி அனுப்பினார். அந்த மனிதர் முன்னால் வேறு எப்படி நிற்பது? வழிவிடுவது அவன் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

இரண்டு தடவை அவன் தோற்றதற்கும் அதுதான் காரணம். எழுத்துப் பரீட்சையில் நட்சத்திரக் கணக்கு, நீரோட்டம், சரக்கு ஏற்றும் முறை எல்லாவற்றிலும் தேறிவிட்டான். அவனைக் கவிழ்த்தது வாய்மொழிப் பரீட்சை. மேஜைமேல் இரண்டு சின்ன மரக்கப்பல்களை வைத்து, "இதில் ஒன்று உன்னுடையது. என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். குறுக்கே ஒரு கப்பல் உன் வலப்பக்கத்திலிருந்து வந்தால் நீதான் விலக வேண்டும். இடப்பக்கத்திலிருந்து வந்தால் விலக வேண்டியது அந்தக் கப்பல். அப்போது உனக்கு இருக்கிற கடமை ஒன்றே ஒன்று. போகிற திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். நல்லெண்ணத்தில்கூட விலகக் கூடாது. அவன் ஒரு பக்கம் விலக, நீயும் அதே பக்கம் விலகினால் இரண்டு கப்பலும் கடலுக்கு அடியில்.

அந்த விதியைக் கருணாகரன் முகம் மழிக்கும்போதுகூட ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பான். ஆனால் மேஜைமேல் இடப்பக்கமிருந்து அந்த மரக்கப்பல் நகர்ந்து வந்ததும் மனசு கேட்காது. முதல் தடவை தன் கப்பலைத் திருப்பிவிட்டான். இரண்டாம் தடவை திருப்பவில்லை, வேகத்தைக் குறைத்தான். அதுவும் தப்பு. தேர்வாளர், தலை நரைத்த கேப்டன், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தம்பி, உன் மரியாதையால் ஒரு கப்பல் ஆட்களைக் கொன்றுவிட்டாய். இன்னும் ஆறு மாதம் கடலில் இருந்துவிட்டு வா." ஒவ்வொரு தடவையும் தன்னைவிடச் சின்னவர்களோடு, கேடட் என்கிற பயிற்சிப் பையனாகவே மறுபடி கப்பலேறினான்.

மூன்றாம் தடவைக்கு வந்தபோது வீட்டு நிலைமை மாறியிருந்தது. தீபாவளி வியாபாரத்தின் நடுவே சிதம்பரநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "டாக்டரு நின்னு யாவாரம் பாக்கக் கூடாதுங்காரு. எனக்குப் பொறவு இதப் பாத்துக்கிட ஆளு யாரு இருக்கா? இந்தத் தடவையும் தேறலைன்னா கடைக்கு வந்துருலே." அவர் முடிப்பதற்குள் "சரி அண்ணாச்சி" என்று இவன் சொல்லிவிட்டான். கல்லாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நாற்காலி வந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. வருகிற வாடிக்கையாளர் யாராவது உட்காரப் போனால், "அது எந்தம்பிக்கு" என்று சிதம்பரநாதன் தடுத்துவிடுவார்.

கருணாகரன் முத்துலட்சுமியைக் கட்டிக்கொண்டு அப்போது ஒரு வருஷம்கூட முடியவில்லை. சைதாப்பேட்டையில் சின்னதாக ஒரு போர்ஷனில் குடியிருந்தார்கள். கடையிலிருந்து வந்த சொட்டை விழுந்த கிண்ணங்கள்தான் அவர்கள் வீட்டுக் கப்பல்கள். மதியம் சாப்பிட்டு முடித்ததும் தரையைத் துடைத்துவிட்டு, அவன் முன்னால் ஒரு கிண்ணத்தை வைப்பாள். இடப்பக்கமிருந்து இன்னொன்றைத் தள்ளிக்கொண்டு வருவாள். எந்தக் கிண்ணம் எப்போது திரும்ப வேண்டும் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாடம்.

"என்ன செய்வீய?"

"ஒண்ணும் செய்யமாட்டேன்."

"பெறவு கை ஏன் போவுது?"

கை போய்த்தான் இருக்கும். அவனை அறியாமலே விரல்கள் கிண்ணத்தை ஒரு நூல் அளவு ஒதுக்கியிருக்கும். ஒரு நாள் அவள், "கையை அடியில போட்டு அதுமேல உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தான். அவள் கிண்ணம் நெருங்க நெருங்க அவன் நெற்றியில் வேர்த்தது. பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்து, சட்டென்று நின்றுபோயிற்று.

"கடையிலயும் நீங்க இப்படித்தான். அண்ணாச்சி என்ன நெனைக்காவன்னு தெரியதுக்கு முன்னாலயே ஒதுங்கிருவிய. அவிய வேண்டாம்னு சொன்னாவளா? தேறலைன்னாதான வரச்சொன்னாவ?"

"அவியளுக்கு உடம்பு சரியில்லைல்லா முத்து."

"அதுக்காவ வேணும்னே தோத்துட்டு வரப் போறியளா?"

அந்த எண்ணம் அவனுக்குள் இருந்ததா என்று அவனுக்கே தெரியாது. இல்லை என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருக்க மாட்டான்.

"நீங்க கப்பலுக்குப் போனா எனக்குச் சங்கடந்தான்," என்றாள் முத்துலட்சுமி. "தனியா கெடப்பேன். ஆனா அந்த நாக்காலியில நீங்க உக்காந்து, தெனம் அந்த மொகத்தோட வீட்டுக்கு வந்தா, அது அதவிடச் சங்கடம். தள்ளட்டுமா?" கிண்ணத்தை மறுபடி ஆரம்பத்திலிருந்து தள்ளினாள்.

பரீட்சை ஒரு வியாழக்கிழமை. துறைமுகத்தைப் பார்த்த அறை அது, ஜன்னலுக்கு வெளியே சரக்கு ஏற்றும் கிரேன்கள் நின்றன. அதே நரைத்த தலை கேப்டன். கப்பல் விளக்குகளைப் பற்றிக் கேட்டார், மூடுபனியில் ஊத வேண்டிய சங்கொலியைக் கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பிறகு மரக்கப்பல்களை எடுத்து வைத்து, பென்சிலின் பின்பக்கத்தால் ஒன்றை இடப்பக்கமிருந்து தள்ளினார்.

"என்ன செய்வாய்?"

"கீப் கோர்ஸ் அண்டு ஸ்பீட், சார்."

பென்சில் இன்னும் கொஞ்சம் தள்ளியது. "இப்போது?"

"கீப் கோர்ஸ் அண்டு ஸ்பீட், சார். அவனை உஷார்ப்படுத்தச் சங்கை ஊதுவேன். ஐந்து குட்டை ஒலி."

"அவன் காதில் விழவில்லை. இப்போது?"

கருணாகரனின் வலது கை தொடைக்கடியில் இருந்தது. மேஜைமேல் அந்தச் சின்னக் கப்பல் மெல்ல மெல்ல வந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பிவிடு, திரும்பிவிடு என்று இருபத்தேழு வருஷமும் சேர்ந்துகொண்டு உள்ளே கத்தியது.

"கீப் கோர்ஸ் அண்டு ஸ்பீட்."

"நல்ல மனிதனாகத் தெரிகிறாய். ஏன் விலகிக்கொடுக்கக் கூடாது?"

இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. கருணாகரன் கொஞ்சம் யோசித்தான். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் சொன்னான்: "அவனும் இதே விதியைப் படித்தவன் சார். கடைசி நிமிஷத்தில் முழித்துக்கொண்டாலும், நான் என் பாதையில்தான் இருப்பேன் என்று நம்பித்தான் அவன் திருப்புவான். நான் அங்கே இல்லாவிட்டால் அவன் யாரை நம்புவது?"

கேப்டன் கப்பலை மறுபடி தள்ளினார். இனி அந்தக் கப்பல் மட்டும் திரும்பினால் மோதல் தவிராது என்கிற இடம் வந்ததும், கருணாகரன் கேட்காமலே சொன்னான்: "இப்போது நானும் திருப்ப வேண்டும், அதுவும் விதிதான் சார். முழுக்க வலப்பக்கம்." கேப்டன் பென்சிலைக் கீழே வைத்தார். "போய் வேலையைப் பார்," என்றார். அது பாஸ் என்று புரிந்துகொள்ளவே கருணாகரனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

பீச் ஸ்டேஷனில் ரயிலேறி மாம்பலத்தில் இறங்கினான். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மேஜைமேல் நடந்தது சுலபம், இனி நடக்க வேண்டியதுதான் கஷ்டம் என்று தோன்றியது. கடை வாசலில் அவன் முகத்தைப் பார்த்ததும் சிதம்பரநாதன் தப்பாகப் புரிந்துகொண்டார். அவர் குரல் அத்தனை மென்மையாக இருந்து கருணாகரன் கேட்டதில்லை.

"போவட்டும்லே, விடு. கடல்ல எழுதியிருக்கலைன்னு வச்சுக்கோ. நாளைக்கு வெள்ளிக்கிழம, நல்ல நாளு. காலைல குளிச்சிட்டு வந்து உக்காரு."

"சரி" என்ற சொல் பழக்கதோஷத்தில் உதடு வரை வந்துவிட்டது.

"பாஸாயிட்டேன் அண்ணாச்சி."

சிதம்பரநாதன் அவனையே பார்த்தார். கையிலிருந்த துணியால், ஏற்கெனவே துடைத்திருந்த கல்லாவை இன்னொரு தடவை துடைத்தார்.

"அப்பம் போயிருவ."

"போயிருவேன் அண்ணாச்சி."

'நீங்க வேண்டாம்னா போகல' என்ற வார்த்தைகள் நாக்கின் நுனியில் நின்றன. அதைச் சொன்னால் அண்ணன் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். எந்தப் பதில் சொன்னாலும் பிறகு அவருக்குத் தூக்கம் வராது. கருணாகரன் சொல்லவில்லை. கண்ணைத் தாழ்த்தவுமில்லை. நின்ற இடத்தில் நின்றான்.

யாரோ வந்து குக்கர் விலை கேட்டார்கள். சிதம்பரநாதன் அவர்களைக் கவனிக்கவில்லை. மெதுவாக எழுந்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்து கனமான எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்தார். பெயர் வெட்டுகிற ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். அவனுடைய பலகைமேல் அவரே உட்கார்ந்து, சிற்றுளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டார். கல்யாணமாகிப் போகிற பெண்களுக்கு வாங்கிக் கொடுக்கும் பாத்திரங்களில் அங்கே உட்கார்ந்துதான் பெயர் வெட்டுவார்கள்.

"பேரு மட்டும் போதுமா, இனிசியலும் வேணுமாலே?" என்று நிமிராமலே கேட்டார்.

"அப்பா பேரும் இருக்கட்டும் அண்ணாச்சி."

முதல் புள்ளியே வழுக்கிக்கொண்டு போயிற்று. தட்டில் ஒரு கீறல் விழுந்தது. சிதம்பரநாதன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உளியை மறுபடி வைத்தார். கருணாகரன் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, தட்டின் விளிம்பை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.