பூண்டுப் பரணில் தெரிந்த வானம்

இரண்டரை வயதில் என் தம்பிக்கு ராத்திரி என்றால் இரண்டு வேலைதான். முதலில் அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வானத்தைக் காட்ட வேண்டும். பிறகு கம்பளிக்குள் படுக்கவைத்துப் புத்தகம் படிக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் எங்கள் ஊர் பூண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி அழுவான். நட்சத்திரத்துக்கு அவன் வைத்திருந்த பெயர் மினுக்கு. கொஞ்ச நாளில் வீட்டில் எல்லோருமே அப்படித்தான் சொன்னோம்.

புத்தகம் மாமா கொடுத்தது. கொடைக்கானலில் டாக்சி ஓட்டும் அவருடைய வண்டியில் டூரிஸ்ட் குடும்பம் ஒன்று விட்டுப் போனது. கெட்டி அட்டை, பக்கமெல்லாம் கருநீல வானம். ஒரு நரிக்குட்டி கூரைமேல் மல்லாந்து படுத்து நட்சத்திரம் பார்க்கும். ஆங்கிலத்தில் இருந்ததை அப்பா தன் இஷ்டத்துக்குத் தமிழில் சொல்லுவார். அவர் கதையில் நரிக்குட்டி கேரட் தோட்டத்தில் களை எடுத்து முடித்த பிறகுதான் கூரைக்கு ஏறும்.

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சிக்கனத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கீழே உதிர்ந்த ஒற்றைப் பூண்டுப் பல்லையும் குனிந்து பொறுக்குவார். எங்கள் பூண்டுக் கொட்டகையின் கூரைகூட டவுனில் ஏதோ பழைய பங்களாவைப் பிரித்தபோது மலிவாக வாங்கி வந்த தகரம்தான். அதில் பழைய ஆணி ஓட்டைகள் ஏராளம். மழை வந்தால் பரணில் கட்டித் தொங்கவிட்ட பூண்டு நனைந்து கெட்டுப்போகும். அந்த வருடம் ஓட்டைகளையெல்லாம் தார் வைத்து அடைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

அதற்கு வெயில் வர வேண்டுமே. வாரக்கணக்கில் மலையே மஞ்சுக்குள் கிடந்தது. எதிர்வீடே தெரியாதபோது நட்சத்திரத்துக்கு எங்கே போவது? தம்பி தினமும் அண்ணாந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவான்.

"மினுக்கு எங்க?"

"தூங்கப் போயிருச்சு சாமி" என்பார் அப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பளிச்சென்று வெயிலடித்தது. சித்தப்பா தார் டப்பாவும் கிழிந்த வேட்டித் துண்டுகளுமாகக் கொட்டகைமேல் ஏறினார். அவருக்கு எந்த வேலை செய்தாலும் காதில் ஹெட்செட் இருந்தாக வேண்டும். அப்பா கேரட் தோட்டத்துக்குப் போயிருந்தார். அம்மா சோறு வடித்துவிட்டுத் திரும்பினால் தம்பியைக் காணோம்.

கட்டிலுக்கு அடியில் பார்த்தோம், பக்கத்து வீடுகளில் பார்த்தோம், இல்லை. எங்கள் ஊரில் பிள்ளையைக் காணோம் என்றால் இரண்டு பயம். ஒன்று, காட்டிலிருந்து இறங்கும் காட்டுமாடு. இன்னொன்று, தோட்டத்துக்குத் தண்ணீர் தேக்கும் குட்டை. சத்தம் கேட்டு ஓடிவந்த அப்பா யாரிடமும் எதுவும் கேட்காமல், போட்ட சட்டையோடு குட்டையில் இறங்கினார். கழுத்தளவு தண்ணீரில் காலால் துழாவித் துழாவி நடந்தார்.

"ஏ புள்ள, வெரசா போயி சித்தப்பாவக் கூட்டியா" என்றாள் அம்மா.

கொட்டகை மேட்டுக்கு அந்தப் பக்கம். கீழே நின்று தொண்டை கிழியக் கத்தினேன். மேலே சித்தப்பா சுருதியில்லாமல் பாடிக்கொண்டே தார் பூசிக்கொண்டிருந்தார். உள்ளே போய்க் கம்பால் தகரத்தைத் தட்டலாம் என்று கதவைத் திறந்தேன்.

உள்ளே ஒரே இருட்டு. அண்ணாந்தால் கூரை முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். நான் பார்க்கும்போதே ஒரு பொட்டு அணைந்தது. உடனே பரணிலிருந்து ஒரு விசும்பல். இன்னொன்று அணைந்தது. இன்னொரு விசும்பல்.

"ஏலே, அங்கயா இருக்க?"

"மினுக்கு அமந்து போச்சு" என்றது பரண்.

பூண்டு ஏற்றுவதற்காகச் சாத்தி வைத்திருந்த ஏணியில் ஏறிப் பார்த்தேன். வயிற்றின்மேல் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, நரிக்குட்டி மாதிரியே மல்லாந்து கிடந்தான். கண்ணெல்லாம் தண்ணீர். நான் கம்பால் தகரத்தை அடித்த அடியில் சித்தப்பா ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, "யாரது உள்ள?" என்றார். அவருக்கு அதுவரை ஊரில் நடந்தது எதுவுமே தெரியாது.

தகரச் சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்து பரணில் ஏறினாள். தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அவன் உச்சந்தலையை முகர்ந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே அப்பா, உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட. சரி, இன்றைக்குத் தம்பிக்கு முதுகு பழுக்கப் போகிறது என்று நினைத்தேன். அப்பா ஏணியில் ஏறி, ஈரத்தோடு பூண்டுக் கட்டுகளுக்கு நடுவில் அவன் பக்கத்தில் படுத்துவிட்டார். நாங்கள் ஈரக் கையால் பூண்டைத் தொட்டாலே சத்தம் போடுகிறவர். மிச்சமிருந்த வெளிச்சப் பொட்டுகளை இரண்டு பேருமாகப் பார்த்தார்கள். அப்பா புத்தகத்தை எடுத்துக் கதை சொல்லத் தொடங்கினார். அன்றைக்கு நரிக்குட்டி களை எடுக்காமலே கூரை ஏறிவிட்டது.

இறங்கி வந்ததும் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "ஏலே, அந்த மூலைய விட்ரு. தார் தீந்துபோச்சு."

"பாதி டப்பா கெடக்கேண்ணே."

"தீந்துபோச்சுன்னா தீந்துபோச்சு. எறங்கு, சாப்புடுவோம்."

அந்த வருட மழைக்கு அந்த மூலை ஒழுகியது. அப்பா அங்கே ஒரு பழைய குண்டானை வைத்தார். சில கட்டுப் பூண்டு வீணானது, அதை அவரே அள்ளி எருக்குழியில் போட்டார். மஞ்சு மூடிய நாட்களில் மத்தியானம் தம்பியைப் பரணுக்குத் தூக்கிப் போவார். மங்கலாகத்தான் தெரியும், அவனுக்கு அது போதும்.

அடுத்த வருடம் கொட்டகையில் அந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாதிக்குத் தார் இருந்தது. தார் மிச்சமிருப்பதையே அப்பா மறந்துபோனார் போலிருக்கிறது என்று, அவரிடமே போய், "அப்பா, அந்த மூலைய இப்பவாச்சும் அடைச்சிரலாம்ல?" என்று கேட்டேன்.

"அடைப்போம், அடைப்போம்" என்றார்.

மழை வந்தது. குண்டானில் மறுபடியும் தண்ணீர் சொட்டியது. அப்பாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லி நான் கவலைப்பட்டேன்.