கீழ் வரியில் ஒரு சொல்

அலுவலகத்தில் அவனுக்குக் 'கறுப்புத்திரை' என்று பெயர். மற்றவர்கள் வண்ண வண்ணமாய்ப் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருக்க, அவன் மட்டும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தோடு மல்லுக்கட்டுவான். மவுஸைத் தொட்டால் பாவம் என்பது போல அதை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்திருப்பான். பதினாறு வருடமாக ஒரே எடிட்டர், அதாவது எழுத்துகளை அடித்துத் திருத்தும் மென்பொருள். அதைத் திறந்த கையோடு தட்டச்சு செய்ய முடியாது. முதலில் i என்ற எழுத்தை அழுத்த வேண்டும். அப்புறம்தான் அடிப்பது எழுத்தாக விழும். மறந்தால், அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் கட்டளையாகிவிடும். பழகியவனுக்கு அது கைவந்த கலை. புதியவரையோ கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிடும்.

பேருந்து நேரங்களை இணையப் பக்கத்தில் ஏற்றுவதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. அண்ணன் மனைவிக்கு அங்கே இடம் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிக்கப் போனபின், நாற்பத்தெட்டு வயதில் அண்ணி முதன்முதலாக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஆறு மாதம் சோதனைக் காலம்.

"புதுசா வர்றவங்களுக்கு எந்த எடிட்டர் போடலாம்?" என்று மேலாளர் கேட்டார். "மேலே மெனு, சேவ் பட்டன் எல்லாம் இருக்கே, அந்த லேசானது போதுமா?"

"அதெல்லாம் விளையாட்டுச் சாமான் சார். எங்க அண்ணி கெட்டிக்காரங்க. என்னோடதையே போட்டுடறேன்."

அண்ணி கெட்டிக்காரி என்பது உண்மை. ஆனால் அவனுக்குத் தேவைப்பட்டது, தன் எடிட்டரை மெச்சிக்கொள்ள இன்னொரு ஆள். தன் கணினியில் இருந்த அமைப்புகளை அப்படியே அண்ணியின் கணினிக்கு இறக்கினான். சாதாரணமாகத் திரையின் அடிவரியில், இப்போது எழுதும் நிலையில் இருக்கிறீர்கள் என்று ஒரு சொல் தெரியும். இத்தனை வரி அழிந்தது என்று எச்சரிக்கையும் வரும். கண்ணை உறுத்துகிறது என்று இரண்டையும் அவன் என்றைக்கோ நிறுத்தி வைத்திருந்தான். அது அண்ணிக்கும் சேர்ந்தே போனது.

மூன்றாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நாற்பதாம் எண் தடத்தில் இரட்டை மாடிப் பேருந்து விடுகிறார்கள்; அதற்கான குறி 40dd. அண்ணி அதை அடித்தாள். அடிக்கும்போது எழுதும் நிலையில் இல்லை. அந்த எடிட்டரின் பாஷையில் 40dd என்றால் நாற்பது வரிகளை அழி என்று பொருள். நாற்பது பேருந்துகள் சத்தமில்லாமல் காணாமல் போயின. அண்ணி மனப்பாடம் செய்திருந்தபடி சேமித்துவிட்டு எழுந்தாள். மதியம்வரை நிறுத்தங்களில் ஜனங்கள் வராத பேருந்தைத் திட்டவில்லை. இணையப் பக்கத்தைப் பார்த்துப் பேருந்தே இல்லை என்று நம்பி ஆட்டோ பிடித்தார்கள். அப்புறம் அலுவலகத்தைத் திட்டினார்கள்.

பழைய பிரதியிலிருந்து வரிகளை மீட்க அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்தவன், வெறுமையாய்க் கிடந்த அடிவரியைப் பார்த்தான். தான் நிறுத்திவைத்த சொல் அங்கே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மேலாளர் அறைக்குள் இருவரையும் அழைத்தார். "மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார்" என்றான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மீதியை மென்று விழுங்கினான்.

வெளியே வந்ததும் அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் பேரைக் கெடுத்துட்டேன்பா. எனக்கு இதெல்லாம் வராதுன்னு மொதல்லயே சொல்லியிருக்கணும்." அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து அந்த இடத்துக்கு வேறொரு பெண்மணி வந்தாள். அவளுக்காக மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது அண்ணியின் குறிப்பேடு கிடைத்தது. கட்டளைகளெல்லாம் நீல மையில், முத்து முத்தான கையெழுத்தில். ஒரு பக்கத்தில் மட்டும் பென்சிலால்: 'i அழுத்தினேனா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? தம்பியிடம் இரண்டு தடவை கேட்டாச்சு, பழகிடும் என்கிறான். மறுபடி கேட்டால் சலித்துக்கொள்வான்.'

அவன் குறிப்பேட்டை மூடினான். நேரே மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இப்ப வந்து சொல்றீங்களே, ஆள் போட்டாச்சே" என்றார்.

மாலையில் அண்ணன் வீட்டுக்குப் போனான். கூடத்துக் கணினியிலும், வீட்டில் பழகிக்கொள்ள வேண்டும் என்று அண்ணி கேட்டதற்காக, அவன் அதே எடிட்டரை அதே அமைப்போடு போட்டுக் கொடுத்திருந்தான். அதன் மேல் துணி மூடியிருந்தது. துணியை எடுத்துவிட்டு, நின்றபடியே நடந்ததைச் சொன்னான். அமைப்பில் இரண்டு வரிகளை மாற்றினான்.

"இப்ப அழுத்துங்க அண்ணி."

அண்ணி ஒரு விரலால் i-யை அழுத்தினாள். அடிவரியில் அந்தச் சொல் வந்து நின்றது. அந்த நிலையிலிருந்து வெளியே வர எஸ்கேப் விசையைத் தட்டினாள். போய்விட்டது. மறுபடி அழுத்தினாள், மறுபடி வந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அண்ணி."

"மூணு மாசமா போன்ல ஒரு மெசேஜ் அடிக்கக்கூடப் பயந்துக்கிட்டு இருக்கேன். அனுப்பறதுக்கு முன்னாடி உங்க அண்ணன்கிட்ட காட்டிட்டு அனுப்பறேன்."

அண்ணி துணியை நான்காக மடித்துக்கொண்டே கேட்டாள்.

"புதுசா வந்திருக்காங்களே, அவங்களுக்கு எதைப் போட்டுக் குடுத்தே?"

"மெனு, சேவ் பட்டன் எல்லாம் இருக்குமே, அந்த லேசானதைத்தான்" என்றான்.