பத்து மணி நடை

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் கோவை சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். நான் ஒரே மகள். அம்மா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சோமனூர் வீட்டுக்கு அவரைக் கூட்டி வந்தபோது வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் போயிருந்தது. வேலையை விட்டுவிடுவது என்று தீர்மானித்து மேனேஜரிடம் சொல்லப் போனேன்.

அவர் கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் எல்லோரும் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொள்ள, அவர் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டவர். நான் அழத் தொடங்கியதும் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார். பிறகு, “ஊட்டுல இருந்தே வேலை பாரு கண்ணு. மொதல்ல அப்பாவை நடக்க வெச்சுப்போடு. மத்தத நான் பாத்துக்கறேன்” என்றார்.

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். காலை பத்து மணிக்குத்தான் அப்பாவுக்கு நடைப் பயிற்சி சொல்லித் தரும் பெண் வீட்டுக்கு வருவார். அந்த ஒரு மணி நேரம் என்னை யாரும் கூப்பிடக் கூடாது என்று டீம் முழுக்கச் சொல்லி வைத்தார். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தாலே தறிச் சத்தம்தான் முதலில் கேட்கும். வெளிநாட்டு கிளையண்ட் ஒருமுறை அது என்ன சத்தம் என்று கேட்டார். நான் பதறிப் போனேன். நீங்கள் போட்டிருக்கும் சட்டைத் துணிகூட அந்தத் தெருவில் நெய்ததாக இருக்கலாம் என்று மேனேஜர் சொல்ல, அந்த ஆள் சிரித்துவிட்டார்.

அப்பா முதலில் கட்டிலைப் பிடித்து நின்றார். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு கதவு வரை வந்தார். மழைக்காலம் முடிவதற்குள் கேட் வரை போய், தெருவைக் கொஞ்சம் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினார். ஒரு நாள் பாதி வழியில் நின்று என்னைப் பார்த்து, வாயைக் கோணி, “அம்மணி” என்று பழையபடி கூப்பிட்டார். எனக்கு அன்று வேலையே ஓடவில்லை.

அடுத்த வருஷம் எங்கள் கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கியது. எல்லோரும் தினமும் ஆபீஸுக்கு வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. எனக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று மேனேஜர் மேலிடத்தில் பலமுறை பேசினார். கொஞ்ச நாள் தள்ளிப் போட முடிந்ததே தவிர, மாற்ற முடியவில்லை. பிறகு அவரையே ஒரு அறைக்குக் கூப்பிட்டு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலை எனக்குப் போன் செய்தார். “என்னால முடியல கண்ணு” என்றார்.  அதுவரை எங்களுடையது நல்ல கம்பெனி என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்லவராக இருந்தது அவர் ஒருவர்தான்.

புதிதாக வந்த மேனேஜர் என்னைவிட இளையவர். தாராபுரத்துக்காரர். என் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“உங்க நெலம புரியுதுங்க மேடம். எனக்குக் கொழந்தை பொறந்திருக்குதுங்க. இன்னும் போன்லதான் பாத்துட்டிருக்கறனுங்க” என்றார்.

அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது? அவருக்கும் லீவு கிடைக்கவில்லை. வேறு கம்பெனிகளில் முயன்றேன். வீட்டிலிருந்து வேலை செய்யலாமா என்ற கேள்வியோடு எல்லா இன்டர்வியூவும் முடிந்துபோயின. வேலையை விட்டால் அப்பாவின் மருந்துக்கு வழியில்லை.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்காவை ஏற்பாடு செய்துவிட்டு, பஸ் மாறிப் பஸ் ஏறி ஆபீஸ் போகத் தொடங்கினேன். அந்த அக்கா குறை சொல்ல முடியாதவர். ஆனால் அப்பா அவர் தோளைப் பிடிக்கக் கூச்சப்பட்டார். பயிற்சி தரும் பெண் வந்தாலும் எழாமல் கட்டிலிலேயே படுத்திருந்து, என்னோடு நடக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார். சில ஞாயிறுகளிலும் நான் ஆபீஸில் இருந்தேன்.

ஒரு மத்தியானம் ஆபீஸில், வேலையையும் வீட்டையும் சமமாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒருவர் வந்து வகுப்பு எடுத்தார். எல்லோரும் கட்டாயம் இருக்க வேண்டும், போனைக் கதவருகே ஒரு கூடையில் போட வேண்டும் என்றார்கள். கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னார்கள். செய்தேன். உண்மையில் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

வெளியே வந்து போனை எடுத்தபோது அந்த அக்கா எத்தனையோ தடவை கூப்பிட்டிருந்தார். அப்பா தனியாக எழுந்து நடக்கப் பார்த்து விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. பக்கத்துத் தறிக்காரர்கள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். புது மேனேஜர் என்னை உடனே போகச் சொன்னார். மறுநாளும் வர வேண்டாம் என்றார். அதற்கு மறுநாள் சாஃப்ட்வேர் ரிலீஸ் இருந்ததால், தயங்கித் தயங்கி, வர முடியுமா என்று கேட்டார். போனேன்.

அப்பா அதற்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை. இந்த வயதில் இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சி தரும் பெண்ணையும் நிறுத்திவிட்டோம். அப்பா என்னைப் பார்க்கிறார், பேசுவதில்லை. நான் காலையில் சாப்பாட்டைக் கட்டி வைத்துவிட்டு, அவருக்குச் சவரம் செய்துவிட்டு, பஸ்ஸுக்குப் போகிறேன்.