அப்பளத்தோடு சிரித்த போட்டோ

சில வருடங்களுக்கு முன்பு பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு சிறிய ஹோட்டலின் கூட்ட அறையில் நடந்த பயிற்சிக்குப் போயிருந்தேன். அடக்குமுறை ஆட்சி நடக்கும் நாடுகளைப் பற்றி ஆய்வு செய்யும் இளம் ஆய்வாளர்களுக்கான பயிற்சி. முதல் வேலையாக எங்கள் போன்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிட்டார்கள். கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயிலில் சாவகாசமாக வந்திறங்கிய எனக்கு இதெல்லாம் கொஞ்சம் ஓவராகத்தான் பட்டது.

அங்கே ஒவ்வொருவருக்கும், ஊர் திரும்பிய பிறகும் ஒருவர் பாதுகாப்பை ஒருவர் கவனித்துக்கொள்ள, ஒரு ஜோடி உண்டு. என் ஜோடி, ராணுவம் ஆளும் நாட்டில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண். நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன், அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. ராணுவம் பிடித்துக்கொண்டு போனவர்களின் தாய்மார்களிடம் பேசிப் பதிவு செய்வதுதான் அவள் ஆய்வு. மத்தியானம் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் அவள் அப்பளத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கினாள்.

"ஆராய்ச்சியே அப்பளத்தப் பத்திதானா லா?" என்று கிண்டல் செய்து ஒரு போட்டோ எடுத்தேன். வாய்விட்டுச் சிரித்தாள்.

ஊருக்குப் போன பிறகு பதிவுகளை எனக்கு அனுப்பிவிட்டுத் தன் போனிலிருந்து எடுத்துவிடுவாள். வெள்ளிக்கிழமை தவறாமல் நலம் என்று ஒரு செய்தி வரும். அது வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் கிளம்பும்போதே சொல்லியிருந்தாள்.

"என்னத் தேடாதீங்க அக்கா. எல்லாத்தையும் அழிச்சிடுங்க. என்ன நம்பிப் பேசுன அம்மாங்க அங்கதான இருக்காங்க."

ஒரு வெள்ளிக்கிழமை செய்தி வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. பயிற்சியாளரை அழைத்தேன். "பேசி வச்சத செஞ்சிடுங்கம்மா" என்றார், அவ்வளவுதான். வேறு யாரிடம் விசாரித்தாலும் ஆபத்து அவளுக்குத்தான். அவள் போன் பிடிபட்டால், நாங்கள் பதிவுகளை அனுப்பிக்கொண்ட கணக்கின் வழியாக என்னிடம் இருப்பதையும் ராணுவத்தினர் திறந்துவிடலாம். வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அந்தத் தாய்மார்களின் குரல்களை ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியாக அந்தப் போட்டோ. பின்னால் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது. அவள் இங்கே வந்தது அங்கே யாருக்கும் தெரியக் கூடாது. அதையும் அழித்துவிட்டுக் குமுறி அழுதேன்.

பல மாதம் கழித்து அவளுடைய தம்பி அழைத்தான். எப்படியோ எல்லை தாண்டி வந்து செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். என் நம்பரை அவள் அவனுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருந்தாளாம். சந்தைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். வாங்கிக் கொடுத்த டீயை அவன் தொடவே இல்லை.

"வீட்ல இருந்த போன், ஆல்பம் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. இன்டர்நெட்ல இருந்த போட்டோவ எல்லாம் அக்காவே முன்னாடி எடுத்துருச்சு. போட்டோ இல்லாம எந்த ஜெயில்லயும் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க. அம்மா நடையா நடக்குறாங்க. சாப்புடுறப்ப நீங்க எடுத்த போட்டோ ஒன்னு இருக்குன்னு அக்கா சொல்லுச்சு."

"இல்லப்பா. அழிச்சிட்டேன்."

"அத மட்டுமாச்சும் வச்சிருக்கலாமே அக்கா" என்றான். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை தெரியாது. அவளிடம் பேசிய தாய்மார்களில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று தம்பி சொன்னான். அதையே பிடித்துக்கொண்டு தேறப் பார்க்கிறேன், முடியவில்லை. இப்போது அதே பயிற்சியில், புதிதாக வருகிறவர்களுக்கு எதையெல்லாம் அழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது நான்தான். ஒவ்வொரு முறையும் அந்தப் பாடத்தை முடிக்கும்போது, கையில் காட்ட ஒரு படம்கூட இல்லாமல் சிறை வாசலில் நிற்கும் அவளுடைய அம்மாதான் கண்முன் வருகிறார், நான் செய்தது சரிதான் என்று அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு என்றைக்கும் வராது.