இறுதிப் போட்டிக்கு மட்டும் டிக்கெட் எடுத்த கதை

2005 ஜூலை கடைசிச் சனிக்கிழமை, ரொறன்ரோவிலிருந்து மகள் மதுராவுடன் மொன்றியலுக்குப் போனேன். அங்கே உலக நீச்சல் போட்டி நடந்துகொண்டிருந்தது. மதுராவுக்குப் பதினைந்து வயது, அவளும் நீச்சல்காரிதான். தோளில் காயம்பட்டு ஆறு மாதம் கரையில் இருந்தவள். திரும்பி வந்தும் பழைய வேகம் வரவில்லை, விட்டுவிடப் போகிறேன் என்று நின்றாள். அவள் அறைச் சுவரில் ஒரு ஜப்பானிய வீராங்கனையின் படம் இருக்கிறது. பதினாறு வயதில் 200 மீற்றர் ஃப்ரீஸ்டைலில் தொடங்கி, பிறகு 800க்கு மாறி, தோளில் சத்திரசிகிச்சை செய்து, ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்.

"அவ நீந்திறதைப் பாத்திட்டு முடிவு சொல்லுறன்" என்றாள் மகள். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

காலை ஆறு மணிக்குக் காரில் கிளம்பினோம். 540 கிலோமீற்றர், ஒரு கோப்பிக்கு நின்றதோடு ஆறரை மணிநேரம். மதியச் சாப்பாடு மொன்றியலுக்கு ஆற்றின் மறுகரையிலுள்ள லொங்குய்யில், நண்பன் ஜெறாட் வீட்டில். மன்னார்க்காரன், அவன் வைக்கும் மீன்குழம்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அன்று சாப்பிட உட்கார்ந்ததும் அவன் சொன்னான்:

"அண்ணை, 800 தகுதிச்சுற்று நேற்றுக் காலமையே முடிஞ்சுதே. உங்கட ஆள் பத்தாவது. எட்டுப் பேர்தான் இண்டைக்கு நீந்துவினம்."

நான் எடுத்திருந்தது இறுதிப் போட்டிக்கு மட்டும், தலைக்கு 45 டொலர். கலியாண வீட்டுக்குப் பந்தி நேரம் பார்த்துப் போய்ப் பழகிய புத்தி! மதுரா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

டிக்கெட்டை வீணாக்குவானேன் என்று ஐந்து மணிக்கே மெற்றோ ஏறினோம். போட்டி நடந்த தீவுக்கு மஞ்சள் பாதையில் ஒரே ஒரு நிறுத்தம்தான். போட்டித் தடாகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடாகம். இறுதிக்கு வந்தவர்கள் அங்கே உடம்பைத் தயார்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒருவர் மட்டும் அவசரமில்லாமல் நீந்தினார். மதுரா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவரேதான்.

நாற்பது நிமிடம் நீந்தினார். பிறகு ஏறி, துவாயைத் தோளில் போட்டு, தண்ணீரைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

"அப்பா, அவ தோத்தவ தானே? பேந்து ஏன் கும்பிடுறா?"

"ஜெறாட்டைக் கேப்பம் அம்மா."

அது அவர்கள் நாட்டு நீச்சல்காரர் வழக்கம் என்று ஜெறாட் பிறகு சொன்னான்.

இப்படிப் போட்டிகளுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து காலைத் தகுதிச்சுற்றுக்கு டிக்கெட் எடுங்கள். எல்லோரையும் பார்க்கலாம். திறந்தவெளி என்பதால் தொப்பியும் வேண்டும்.

மறுநாள் திரும்பும் வழியில், பாதித் தூரம் வந்தபின் மதுரா சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை பயிற்சி விடியக் காலமை ஐஞ்சரைக்கு. அலாரம் வையுங்கோ அப்பா."

நான் நாலு மணிக்கே வைத்தேன்.