மோயாற்றுக்குப் போன ஹாஜிரா

ஊட்டிக் கடைவீதியில் ஹபீப் முகமதுவின் தையல்கடைக்கு வெள்ளைக்காரத் துரைமார்களின் வேட்டைக் கோட்டுகள் பழுதுபார்க்க வரும். கிழிசல்களைத் தைப்பது அவர் மனைவி ஹாஜிரா. பைகளைத் திருப்பி உதறினால் காட்டுப்புல் விழும், பெயர் தெரியாத விதைகள் விழும். ஒருமுறை கரடி முடி ஒரு கொத்து விழுந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள்தான். ஆனாலும் பள்ளிவாசல் தெருவைத் தாண்டிப் போனதில்லை.

துரைமார்கள் வேட்டையாடும் முதுமலைக் காட்டைச் சரணாலயமாக்கி, அங்கே வேட்டை கூடாது என்று சர்க்கார் அறிவித்த மறுவருஷம் அவள் கேட்டாள்.

"ஏனுங்க, இனி அங்க சுட மாட்டாங்கல்லங்க? நாம போயிப் பாத்துட்டு வரலாமுங்களா?"

ஹபீப் சிரித்தார். "பொம்பளைங்க ஆரு புள்ள காட்டுக்குப் போறாங்க?"

"நான் போறனுங்க."

"மழ ஓயட்டும், போலாம்," என்றார் ஹபீப்.

மழை ஓய்ந்ததும் இருவரும் கூடலூர் வழியாகத் தெப்பக்காட்டுக்கு பஸ் ஏறினார்கள். அங்கிருந்து காட்டுக் காவலர் ஆறுக்குட்டி மாட்டுவண்டியில் அவர்களை மோயாற்று அருவிக்கு அழைத்துப்போனார். கண்ணுக்குத் தெரியுமுன்பே அதன் இரைச்சல் வந்துவிட்டது. பாறைமேல் கால் வைத்தபோது அதன் அதிர்வு ஹாஜிராவின் உள்ளங்காலில் ஏறியது. ஆறு முழுசாக எழுந்து நின்று, வெள்ளையாகப் பள்ளத்தில் விழுந்தது. புகைபோலக் கிளம்பிய சாரல் அவள் முக்காட்டை நனைத்தது. 'யா அல்லாஹ்' என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

ஆறுக்குட்டி சட்டென்று கையைக் காட்டினார். அருவிக்குச் சற்று மேலே யானைக் கூட்டம் ஒன்று ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. நடுவில் வந்த குட்டியின் கால் வழுக்கியது. வெள்ளம் அதைப் புரட்டி அருவியின் விளிம்பை நோக்கி இழுத்தது. ஹாஜிரா கணவரின் கையை இறுகப் பற்றினாள்.

பெரிய யானை ஒன்று குட்டியைத் தாண்டி விளிம்புப் பக்கமாக ஓடிப்போய் நீரோட்டத்துக்குக் குறுக்கே நின்றது. இன்னொன்று வந்து அதன் விலாவோடு ஒட்டி நின்றது. குட்டி அந்தக் கருத்த சுவரில் வந்து மோதி நின்றது. தாய் துதிக்கையை அதன் வயிற்றடியில் கொடுத்து, மெல்ல மெல்ல அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனது. கரையேறிய குட்டி உடம்பை உதறிக்கொண்டது. பிறகு கூட்டம் மூங்கில் புதருக்குள் புகுந்து மறைந்தது. ஒரு கிளைகூட முறியவில்லை.

"இத்தனை வருசத்துல இப்பிடி நானும் பாத்ததில்லீங்க," என்றார் ஆறுக்குட்டி. ஹபீப் தலைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். ஹாஜிரா முக்காட்டின் நுனியால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் தெருப் பெண்களுக்கு அவள் இதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. அடுத்த வருஷம் ஒரு பஸ் நிறையப் பெண்கள் கிளம்பினார்கள். ஹாஜிரா முன்னால் உட்கார்ந்து வழி சொன்னாள். அன்றைக்கு யானை வரவில்லை. யாரும் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. பேச்சுக்குப் பேர்போன பக்கத்து வீட்டு ஆரிஃபாகூட வாய் திறக்காமல் பாறையில் உட்கார்ந்திருந்தாள். கிளம்புகிற நேரத்தில் அவள் கேட்டாள்:

"அக்கா, நாம தூங்குறப்பவும் இது இப்பிடியே உழுந்துட்டு இருக்குமா?"

"ஆமா," என்றாள் ஹாஜிரா.